வாதம் நெல்லைப் பற்றியது. நோட்டீஸ் ஒரு மனிதரைப் பற்றியது

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 37. வேளாண்மையில் பட்டம் பெற்றவர். தந்தை விட்டுச்சென்ற விதை, உரக் கடையை நடத்துகிறார். ஐந்து ஏக்கரில் சம்பாவும் சாகுபடி செய்கிறார். கடையைப் பூட்டிச் சாப்பிட்ட பிறகு முகநூலில் அறிவியல், அரசியல் விவாதங்களில் இறங்குவது மூன்று ஆண்டுப் பழக்கம். "ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு ஆகிவிடும். யாராவது தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டால் என்னால் படுக்கப் போக முடிவதில்லை" என்கிறார்.

2025 மே மாதம், மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அதை ஆதரித்து இவர் எழுதிய பதிவுக்குக் கீழே பெயரும் படமும் இல்லாத ஒரு கணக்கு தொடர்ந்து எதிர்வாதம் செய்தது. பேச்சு நெல்லிலிருந்து காவிரி நீர்ப் பங்கீட்டுக்குப் போனது. அங்கிருந்து "கைக்கூலி" என்ற சொல்லுக்கு வந்தது. ஒரு நாள் அந்தக் கணக்கு இவருடைய கடைப் பலகையின் படத்தைத் தொலைபேசி எண்ணோடு வெளியிட்டது. இரண்டு நாட்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட அழைப்புகள். ஒருவர் "கடையைக் கொளுத்துவோம்" என்றார். பகலில் அந்த போன் மனைவியிடம் இருக்கும். அவருக்கு ஆபாசமான செய்திகளும் வந்தன.

கொதித்துப்போன இவர், ஒரு இரவு 11.47-க்கு இப்படி எழுதினார்: "வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டு விவசாயிகளை ஏமாற்றும் இன்னார்தான் இந்த முகமூடிக் கணக்கின் சொந்தக்காரர்." 'இன்னார்' என்று நான் மாற்றிய இடத்தில், ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பாரம்பரிய நெல் விவசாயியின் பெயர் இருந்தது. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இருவரும் ஒருமுறை சந்தித்துச் சூடாகப் பேசியிருக்கிறார்கள். கணக்கின் எழுத்து நடை அவருடைய பேச்சைப் போல இருந்ததாம். மறுநாள் காலை, அதே மனிதரைக் கேலி செய்து வேறு யாரோ தயாரித்த படத்தை 240 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்ந்திருக்கிறார்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாட்களுக்குள் பகிரங்க மன்னிப்பும் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடும் வேண்டும். தவறினால் சிவில், கிரிமினல் நடவடிக்கை. பயந்துபோய் எல்லாப் பதிவுகளையும் அழித்துவிட்டார். உண்மை தன் பக்கம் இருக்கும்போது எதற்கு மன்னிப்பு, 66ஏ பிரிவில் கைது செய்வார்களா, விதை உரிமம் ரத்தாகுமா, முகமூடிக் கணக்கின் மீது புகார் கொடுக்கலாமா, இனி எழுதவே கூடாதா என்பவை அவருடைய கேள்விகள்.

அவசரம் கருதி, செய்ய வேண்டியவற்றை அவருக்குத் தனியாக முன்பே எழுதிவிட்டேன். இதே நிலையில் வேறு பலரும் இருக்கிறார்கள் என்பதால், அவர் சம்மதத்தோடு முழுப் பதிலையும் இங்கே தருகிறேன்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் எட்டுப் பக்கம் நெல்லைப் பற்றி இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நான்கே வரி இருக்கிறது. வழக்கு வந்தால் நீதிமன்றம் அந்த நான்கு வரியைத்தான் படிக்கும். எட்டுப் பக்கத்தை யாரும் புரட்டக்கூட மாட்டார்கள். முதலில் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல

வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீதிமன்றமே கூப்பிட்டுவிட்டதாகப் பலர் நடுங்குகிறார்கள். அது ஒரு தரப்பின் கோரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். பத்து லட்சம் என்பது அவர்கள் கேட்கும் தொகை. நீங்கள் பட்ட கடன் அல்ல. சிவில் வழக்குப் போட்டால், கேட்கும் தொகைக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணத்தை அவர் கட்ட வேண்டும். நீங்கள் எழுதியது தன் பெயரைக் கெடுக்கக்கூடியது என்று காட்ட வேண்டும். எழுத்து மூலமான அவதூறுக்கு இழப்பீடு கேட்டு, அது வெளியான ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது.

அதற்காகப் பதில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். மௌனத்தையே நாளைக்கு உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, கெடு முடிவதற்குள் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதன் பிறகு, அந்த விவசாயியின் வீட்டுக்கு நேரில் போவதோ, உறவினர் மூலம் சொல்லி அனுப்புவதோ வேண்டாம். சமாதானம் பேசப் போனது மிரட்டப் போனதாக மாறிய வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன்.

கைதைப் பற்றிய பயம் தேவையற்றது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில் அடியோடு நீக்கிவிட்டது. அந்தப் பிரிவைச் சொல்லி யாராவது உங்களை மிரட்டினால், இல்லாத சட்டத்தைச் சொல்கிறார் என்று பொருள். ஆனால், 66ஏ போனதால் இணையத்தில் எதையும் எழுதலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவதூறு இன்றும் குற்றம்தான். பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை என்பது தண்டனை. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இந்தக் குற்றத்துக்குப் போலீசார் தாமாக உங்களைக் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவரிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். நடுவரும் உங்கள் தரப்பைக் கேட்காமல் புகாரைக் கோப்பில் ஏற்க முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆம் பிரிவு அந்த வாய்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இரு தரப்பும் சமாதானமாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமும்கூட.

"உண்மை என் பக்கம்" என்ற நம்பிக்கை

எந்த உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது? நெல்லைப் பற்றி நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால், உங்கள் மீது வந்திருக்கும் நோட்டீஸ் நெல்லைப் பற்றியது அல்ல.

அந்த இரவு எழுதிய வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அதில் மூன்று குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. அவர் வெளிநாட்டுப் பணம் வாங்குகிறார், விவசாயிகளை ஏமாற்றுகிறார், முகமூடிக் கணக்கு அவருடையது. ஒவ்வொன்றுக்கும் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கடிதம் முழுக்கத் தேடினேன். முதல் இரண்டுக்கும் எதுவும் இல்லை. மூன்றாவதற்கு, எழுத்து நடை ஒத்திருக்கிறது என்ற உங்கள் ஊகம் மட்டுமே இருக்கிறது. 'உழவர் குடி', 'நஞ்சில்லா உணவு' என்ற சொற்களை அவரும் பேசினார், அந்தக் கணக்கும் எழுதியது என்கிறீர்கள். டெல்டாவில் இயற்கை வேளாண்மை பேசும் அத்தனை பேரும் அந்தச் சொற்களைத்தான் பேசுகிறார்கள், தம்பி.

சட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. சிவில் வழக்கில், சொன்னது உண்மை என்று நிரூபித்தால் போதும். கிரிமினல் வழக்கில் அது போதாது. சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும். அதைச் சொன்னது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். பொதுப் பிரச்சினையில் ஒருவருடைய நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கும் விலக்கு உண்டு. "இவர் வாதத்தில் ஆதாரம் இல்லை, இதை நம்பினால் விவசாயிக்கு நஷ்டம்" என்று நீங்கள் எழுதியிருந்தால் அது கருத்து. எவ்வளவு காரமாக எழுதியிருந்தாலும் நான் துணிந்து உங்களுக்காக வாதாடுவேன். "பணம் வாங்கினார்" என்பது கருத்து அல்ல. எந்தத் தேதியில், யாரிடம், எவ்வளவு என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார். அந்தக் கேள்விகளுக்குக் கூண்டில் நின்று என்ன சொல்வீர்கள்?

கேலிப் படத்தைப் பற்றி "நான் தயாரிக்கவில்லை, பகிர்ந்தேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாதம் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018-இல் பகிர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. பகிர்ந்தவர் அந்தச் செய்தியின் விளைவுக்குப் பொறுப்பு என்பதுதான் நீதிமன்றங்களின் பார்வை. 240 பேர் குழு என்றால் 240 சாட்சிகள்.

அழித்ததைப் பற்றி

நீங்கள் செய்ததில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இது. உங்கள் வாக்கியத்தின் ஸ்கிரீன்ஷாட் நோட்டீசோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அது அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. அழித்ததால் காணாமல் போனது உங்களுக்குச் சாதகமான பகுதிதான்: அந்தக் கணக்கு உங்களைத் திட்டிய பதில்கள், கடைப் பலகைப் படத்தின் கீழே வந்த மிரட்டல்கள், நீங்கள் முதல் பத்து நாள் கண்ணியமாகப் பேசியதற்கான சான்று. முகநூலில் அழித்த பதிவுகள் முப்பது நாள் வரை குப்பைத்தொட்டிப் பகுதியில் இருக்கும். உடனே பார்த்து மீட்டெடுங்கள். மீட்டதைப் பொதுவில் வைக்காமல், உங்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். உங்கள் கணக்கின் மொத்தத் தகவலையும் தரவிறக்கம் செய்யும் வசதியும் அதில் உண்டு.

போனை மாற்றாதீர்கள், முழுமையாக அழித்துப் புதுப்பிக்கவும் வேண்டாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதன் ஒரு பகுதியில் போனை வைத்திருந்தவரும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். போனே இல்லாமல் ஸ்கிரீன்ஷாட் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

அந்தக் கணக்கு சொன்னதிலும் சரி இருந்தது

இது சட்டக் கேள்வி அல்ல. நீங்கள் கேட்கவும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நான் பயிரியல் படித்தவன் அல்ல. உங்கள் எட்டுப் பக்கத்தையும் அந்தக் கணக்கின் பதில்களாக நீங்கள் நினைவிலிருந்து எழுதியவற்றையும் வைத்துக்கொண்டு, நெல் ஆராய்ச்சியில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவரிடம் ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து கேட்டேன்.

அந்தக் கணக்கு, "பி.டி. பருத்தியைப் போல இதிலும் பாக்டீரியா மரபணு இருக்கிறது" என்றது. அது தவறு; நீங்கள் சரி. பருத்தியில் வேறோர் உயிரின் மரபணுவை நுழைத்தார்கள். ஹைதராபாத்தில் உருவான 'கமலா' ரகத்தில், நம் ஊரில் பி.பி.டி. என்று விற்கும் சம்பா மசூரியின் சொந்த மரபணு ஒன்றில்தான் திருத்தம் செய்திருக்கிறார்கள். கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பதோடு தொடர்புடைய மரபணு அது. மரபணுவை வெட்டுவதற்குப் பயன்படுத்திய கருவி கடைசி ரகத்தில் இல்லாதபடி நீக்கிவிடுகிறார்கள். 19 சதவீதக் கூடுதல் விளைச்சல், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடை என்பவை அறிவிப்பில் இருந்த எண்கள். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடும் வழக்கம் உள்ள நாட்டில், சம்பாவில் இருபது நாள் மிச்சம் என்றால் கடைசித் தண்ணீருக்கு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் விவசாயிக்கு என்ன பொருள் என்பது எனக்குப் புரிகிறது. நீங்கள் ஏன் அவ்வளவு ஆவேசமாக எழுதினீர்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஆனால், "இதற்கு எந்தக் கட்டுப்பாடும் தேவையில்லை, அரசே சொல்லிவிட்டது" என்று நீங்கள் எழுதியது அளவுக்கு மீறியது. 2022 மார்ச்சில், அயல் மரபணு இல்லாத இவ்வகைத் திருத்தங்களுக்கு மரபணு மாற்றிய உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டு விதிகளில் 7 முதல் 11 வரையிலானவற்றிலிருந்துதான் விலக்கு அளித்தார்கள். ஆய்வு நிறுவனங்களின் உயிரிப் பாதுகாப்புக் குழுக்கள் பார்த்துத்தான் அந்த விலக்கே கிடைக்கும். "இந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமை யாரிடம் இருக்கிறது, நாளைக்கு விதைக்கு யார் விலை வைப்பார்கள்?" என்று அந்தக் கணக்கு கேட்டது. அது நியாயமான கேள்வி. நீங்கள் அதற்குப் பதில் சொல்லாமல், கேட்டவரின் படிப்பைக் கேட்டீர்கள். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விளைந்த விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும், வணிகப் பெயர் போடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. இதை எடுத்துச் சொல்லியிருந்தால், அங்கே படித்துக்கொண்டிருந்த நூறு பேருக்கு ஒரு நல்ல தகவல் கிடைத்திருக்கும்.

காவிரி விஷயத்தில் முழுக்க அந்தக் கணக்குதான் சரி. கர்நாடக எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு நமக்கு வரவேண்டியது 192 டி.எம்.சி. என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்கள், 177.25 என்று அந்தக் கணக்கு சொன்னதும், "கர்நாடகத்துக்கு வேலை பார்க்கிறாயா?" என்று கேட்டீர்கள். 192 என்பது 2007-இல் நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பின் எண். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெங்களூருவின் குடிநீருக்கு 4.75 கொடுத்தது. இரண்டும் சேர்ந்து 14.75. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் நாங்கள் வக்கீல்கள் கூடிநின்று வாய்விட்டு வருந்தியது நினைவிருக்கிறது. வருத்தம் வேறு, எண் வேறு. 177.25 என்று சொன்னவர் காவிரியைக் காட்டிக்கொடுக்கவில்லை, தீர்ப்பைப் படித்திருக்கிறார்.

இன்னொன்று. நீங்கள் விதை வியாபாரி என்பதை அந்த விவாதத்தில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. உங்கள் மூன்றாவது பதிவில் "விரைவில் நம் கடையிலேயே கிடைக்கும்" என்ற ஒரு வரி இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைப் பலகையின் படம் வெளியானதும் மற்றவர்கள் ஏன் அப்படிப் பொங்கினார்கள் என்பதற்கு அந்த வரியும் ஒரு காரணம். நீங்கள் காசுக்காகப் பேசவில்லை என்பதை நான் நம்புகிறேன். முதல் பதிவிலேயே "நான் விதைக் கடை வைத்திருக்கிறேன்; அதையும் கணக்கில் வைத்து என் வாதத்தைப் படியுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்த ஆயுதமே அவர்கள் கையில் இருந்திருக்காது.

உரிமத்தைப் பற்றிய கவலைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, பொய்த் தகவல் தந்து உரிமம் வாங்கியிருந்தாலோ, ஆணையையோ உரிம நிபந்தனைகளையோ மீறினாலோதான், அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் நடவடிக்கை எடுக்க முடியும். முகநூலில் சண்டை போட்டது நிபந்தனை மீறல் ஆகாது. சந்தைக்கு வராத விதை கடையில் கிடைக்கும் என்று மட்டும் இனி எங்கும் எழுதாதீர்கள்.

உங்களுக்கு நடந்தது சிறியதல்ல

நீங்கள் ஒரு தவறு செய்ததால், உங்களுக்கு நடந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. இரண்டும் தனித்தனி.

"கடையைக் கொளுத்துவோம்" என்பது சட்டத்தின் கண்ணில் சாதாரண மிரட்டல் அல்ல. தீயிட்டுச் சொத்தை அழிப்பதாக மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. அடையாளத்தை மறைத்துக்கொண்டு மிரட்டுவதற்கு நான்காம் உட்பிரிவு கூடுதல் தண்டனை சொல்கிறது. உங்கள் மனைவிக்கு வந்த ஆபாசச் செய்திகளுக்கு அதே சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும் பொருந்தும். அந்தப் புகாரை உங்கள் மனைவி தன் பெயரிலேயே கொடுக்கட்டும். அவருக்கு நடந்ததை அவர் சொல்வதுதான் வலு.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது; அங்கே எழுத்தில் கொடுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் பார்த்ததாகவும் சரியான பதில் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்; அது முக்கியமாகப் பண மோசடிக்கான எண். புகாரோடு அழைப்பு வந்த எண்கள், தேதி, நேரம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு இணையுங்கள். புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். முகமூடிக் கணக்குக்குப் பின்னால் இருப்பது யார் என்று முகநூல் நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் அதிகாரம் காவல் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உண்டு. உங்களுக்கோ எனக்கோ இல்லை. புகாரில் அந்த விவசாயியின் பெயரை எழுத வேண்டாம். "அடையாளம் தெரியாத நபர்" என்றே எழுதுங்கள். விசாரணையில் அவர்தான் என்று தெரிந்தால் தெரியட்டும். வேறு யாரோ என்று தெரிந்தால், நீங்கள் ஒரு நிரபராதியை 240 பேர் முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று ஆகும். அந்த இரண்டாவதற்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

மன்னிப்பு

மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எச்சரிக்கையில்லாமல் எழுதினால் அப்படி ஆகலாம். அதனால்தான் வாசகத்தை வழக்கறிஞர் பார்க்க வேண்டும் என்கிறேன். மன்னிப்பால் மட்டும் குற்றம் இல்லாமல் போய்விடாது என்பதும் உண்மை. ஆனால் என் 28 ஆண்டு அனுபவத்தில், அவதூறு வழக்குகள் பெரும்பாலும் பணத்துக்காக நீள்வதில்லை. திருத்தம் வராததால்தான் நீள்கின்றன. ஒரே தெருவில் வசிக்கும் இருவர், வாட்ஸ்அப்பில் எழுதிய ஒரு வரிக்காக ஐந்து ஆண்டுகள் வாய்தாவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, வக்கீல் கட்டணம். கடைசியில் இருவரும் கையெழுத்திட்ட சமாதான மனுவில் இருந்தது, முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கக்கூடிய மூன்று வரி.

நீங்கள் வெளியிட வேண்டியது இதுபோல இருக்கட்டும்: "இன்ன தேதியில் இன்னாரைப் பற்றி நான் எழுதியவற்றுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். அவருக்கு ஏற்பட்ட மனவேதனைக்கு வருந்துகிறேன்." இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். "ஆனால்" என்று தொடங்கும் அடுத்த வாக்கியம் வேண்டவே வேண்டாம். முகநூலில் எழுதியதை முகநூலிலும், குழுவில் பகிர்ந்ததைக் குழுவிலும் திருத்துங்கள். பதில் நோட்டீசில், உங்கள் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதைச் செய்வதாக வழக்கறிஞர் ஒரு வரி சேர்ப்பார். பத்து லட்சத்தை மறுத்துவிட்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குத் தயார் என்று சொல்லுங்கள். அதற்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இனி எழுதலாமா?

மனைவி போனை வாங்கி வைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். இந்த விவகாரம் முடியும் வரை அது அவரிடமே இருக்கட்டும். இதைப் பற்றிப் பொதுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். நண்பர்கள் உங்களுக்காகச் சண்டை போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆனால் நிரந்தரமாக விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அறிவியல் படித்தவர்கள் டெல்டாவின் விவாதங்களிலிருந்து விலகிப்போனால் இழப்பு டெல்டாவுக்குத்தான். மீத்தேன் திட்டத்தைப் பற்றி இங்கே நடந்த பேச்சுகளில், நிலக்கரிப் படுகை மீத்தேன் என்றால் என்ன, பல ஆண்டுகளாக இயங்கும் எண்ணெய்க் கிணறு என்றால் என்ன என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை குழப்பம்! 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும், எல்லாக் கிணறுகளும் மூடப்பட்டுவிட்டதாக நம்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். சட்டம் புதியவற்றைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றைத் தொடவில்லை. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

1960-களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் வந்தபோது, எங்கள் ஊர் டீக்கடையில் என் அப்பா அதை எதிர்த்தே பேசியவர். வைக்கோல் குட்டை, மாடு என்ன தின்னும் என்பது அவர் கேள்வி. எதிர்வாதம் செய்தவர் எங்களுக்கு மேல்மடைக்காரர். இரவெல்லாம் சத்தம் போட்டுவிட்டு விடிந்ததும் அவர் மடையைத் திறந்தால்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர். அதனால் இருவருமே ஓர் எல்லைக்கு மேல் போனதில்லை. முகம் தெரியாதவரோடு பேசும்போது அந்த மடை கண்ணில் படுவதில்லை. உங்கள் விஷயத்தில் அது ஆறு கிலோமீட்டரில் இருந்தது.

திரும்ப எழுதத் தொடங்கும்போது சில பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் பதில் எழுதாதீர்கள். எழுதினாலும் காலையில் கடை திறந்த பிறகு படித்துப் பார்த்து வெளியிடுங்கள். வாக்கியத்தின் எழுவாய் நெல்லா, தண்ணீரா, ஆளா என்று பாருங்கள். ஆளாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரே ஆளுக்கு மூன்று முறைக்கு மேல் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் படிப்பவர்கள் முடிவு செய்துவிட்டிருப்பார்கள். 177.25-ஐப் பற்றி "நான் சொன்னது தவறு" என்று எழுதுவதை முதல் பதிவாக வையுங்கள். நோட்டீஸ் விவகாரம் முடிந்த பிறகு.

பதில் நோட்டீசை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ஒப்புகை வந்ததும் ரசீதோடு சேர்த்து ஒரு உறையில் வைத்து, மேலே தேதியை எழுதுங்கள். சமரசத்துக்கு நாள் குறித்தால் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அன்று அந்த விவசாயி எதிரே உட்கார்ந்திருப்பார். முதலில் அவர் பேசட்டும்.